அறத்தொடு நின்ற மணம்

கொற்கை என்னும் பெயரைக் கேட்ட அளவிலே தமிழறிந்தார் உள்ளத்தில் முத்தின் ஒளி தோன்றும். தண்பொருநை எனப் பழையோர் போற்றிய தாமிரவருணி, பொதிய மலையிற் பிறந்து, நெல்லைச் சீமையை வளமுறச் செய்து, கடலொடு கலக்குமிடத்தில் பாண்டியரின் துறைமுகமாய் விளங்கிய ஊர் அது. யவனர் எழுதிய பயண நூல்களும் அவ்வூரின் முத்துக்குளிப்பைக் குறித்துள்ளன. பாண்டிய இளவரசர் அங்கிருந்து ஆட்சி புரிந்தனர். மதுரை எரியுண்டு, பாண்டியன் நெடுஞ்செழியன் உயிர் துறந்தபின், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியனே அரசேற்றான் எனச் சிலப்பதிகாரம் கூறும்.

இன்று கொற்கையிற் கடலைக் காண இயலாது. ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து நிலம் வளர, கடல் சில கல் தொலைவு விலகிச் சென்றது. துறைமுகப் பெருமை முதலிற் காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் உரியதாயிற்று. பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த கொற்கை, 1986ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தின் பாற்பட்ட சிற்றூராக உள்ளது. கால்டுவெல் பெருமகனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு அகழ்ந்து பழம்பொருள்களைக் கண்டார். தமிழக அரசின் தொல்லியல் துறையினர் 1968-69ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த பொருள்களுள் சில, கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்டன என்பர் ஆராய்ச்சியாளர்.

கொற்கையின் முத்தினும் பழைமையானது மக்கள் உள்ளத்தில் விளையும் அன்பு. நற்றிணையின் இருபத்து மூன்றாம் பாட்டில் கொற்கைத் துறை வருகின்றது. தலைவி ஒருத்தியின் களவொழுக்கத்தை அவள் தோழி தலைவனுக்கு எடுத்துரைக்கின்றாள். தலைவியின் தோள் மெலிவை வளைகள் மறைத்துவிட்டன; மேனியின் வேறுபாட்டை ஆயத்தாரோடு ஆடும் விளையாட்டு மறைத்துவிட்டது; ஆனால் கொற்கைத் துறையின் தெளிந்த நீரில் மலர்ந்த நெய்தலை ஒத்த கண்கள் மட்டும் காமத்தை மறைக்கும் ஆற்றல் அற்றன என்பது அவள் கூற்றின் கருத்தாகும். இனியும் காலந் தாழ்த்தாது மணந்துகொள்க என்பதே அவள் சொல்லாமற் சொல்லியது.

அன்பு பிறப்பது இருவர் உள்ளத்தில். அது நிலைபெறுவதோ ஊரும் உறவும் அறிந்த இல்லறத்தில். இவ்விரண்டனையும் இணைத்தற்குத் தமிழர் ஒரு வழி வகுத்திருந்தனர். களவு, கற்பு எனத் தொல்காப்பியர் வகுத்த இரண்டிற்கும் இடையே பாலமாய் அமைந்தது அறத்தொடு நிற்றல். தலைவி தன் உள்ளத்தைத் தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவர். கபிலர், ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குப் பாடிய குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளில் இவ்வொரு துறையையே விரித்துரைக்கின்றது. அயல்நாட்டு மன்னனுக்குத் தமிழின் சிறப்பைக் காட்டக் கருதிய புலவர், போரையோ கொடையையோ எடுத்துக்கொள்ளாமல், ஒரு பெண்ணின் விருப்பம் பெற்றோர் செவியை அறநெறியில் அடையும் முறையை எடுத்துக்கொண்டார் என்பது எண்ணத்தக்கது.

அறத்தொடு நிற்றல் என்னும் தொடரின் பொருள் ஆழமானது. உண்மையை மறைப்பதும் அறமன்று. பெற்றோரை இகழ்வதும் அறமன்று. தன் உள்ளத்தையும் கைவிடாமல், பெற்றோரையும் கைவிடாமல், உள்ளதை உள்ளவாறு கூறி நிற்பதே அறத்தொடு நிற்றல். கேட்கும் பெற்றோர்க்கும் ஓர் அறம் உண்டு. தம் மக்களின் உள்ளத்தைச் செவிசாய்த்துக் கேட்டு, நலந்தீங்கு ஆராய்ந்து, பின்னர் முடிவு செய்தலே அவ்வறமாம்.

காலம் செல்லச் செல்ல இந்நெறி தேய்ந்தது. மணம் என்பது மணமக்கள் செயலாக இன்றிப் பெற்றோர் செயலாகவே ஆயிற்று. குலமும் பொருளும் சாதகமும் முன்னின்றன, உள்ளம் பின்னின்றது. பால்மணம் மாறாத சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் மணம் முடித்து வைத்தனர். இந்நிலையில் ஒரு மகன் தன் விருப்பத்தைத் தந்தைக்குக் கூறினால், அதனைத் தந்தை பணிவின்மை என்று கொள்வதும், தந்தையின் மறுப்பை மகன் கொடுமை என்று கொள்வதும் இயல்பாயின. இருவரும் தத்தம் நிலையில் உறுதியாய் நிற்க, இல்லமே போர்க்களம் ஆவதுண்டு.

இத்தகைய பிணக்கு எளியார் இல்லத்தில் மட்டும் நிகழ்வதன்று. உலகம் போற்றும் பெரியார் ஒருவர் இல்லத்திலும் அது நிகழ்ந்தது. அதனை அவர்கள் தீர்த்துக்கொண்ட முறை, தமிழ்நாட்டோடும் தொடர்புடையது. இளையோர் அறிந்துகொள்ளத் தக்கது.

காந்தியடிகளுக்கு அவர்தம் பதின்மூன்றாம் அகவையில் கஸ்தூரிபாயுடன் திருமணம் நடைபெற்றது. அடிகளின் தமையனார் ஒருவர், நெருங்கிய உறவினராகிய மற்றொரு சிறுவர், அடிகள் ஆகிய மூவர்க்கும் ஒரே காலத்தில் மணம் முடித்தால் செலவு சுருங்கும் எனப் பெரியோர் கருதினர். மணமகனின் விருப்பத்தை எவரும் கேட்டிலர். மணத்திற்கு விரைந்து வந்த தந்தையாரின் வண்டி குடைசாய்ந்து, அவர் காயக்கட்டுகளுடன் வந்து சேர்ந்தார். மணக்கோலத்தின் மகிழ்ச்சியில் அத்துயரையும் மறந்திருந்ததாக அடிகள் பிற்காலத்தில் வருந்தி எழுதினார். அத்துணை இளமையில் மணம் முடித்தலை நியாயப்படுத்த ஒரு காரணமும் இல்லை என்பது அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் தெளிவுபடுத்திய கருத்தாகும்.

தம் விருப்பத்தை எவரும் கேளாத நிலையில் மணந்த அம்மகன், பின்னர் நான்கு மைந்தர்க்குத் தந்தையானார். ஹரிலால், மணிலால், இராமதாஸ், தேவதாஸ் என்போர் அந்நால்வர். தம் மக்களின் மணத்தில் அவர் எவ்வாறு நடந்துகொண்டார்?

மூத்த மைந்தர் ஹரிலால், 1906ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் அகவையில் இந்தியாவில் மணம் செய்துகொண்டார். அப்பொழுது தென்னாப்பிரிக்காவில் இருந்த அடிகள், இவ்வளவு இளமையில் மணம் வேண்டா எனக் கருதினார். அம்மணம் தமக்கு உடன்பாடன்று என்பதைத் தம் தமையனார்க்கு எழுதிய மடலில் கடுமையாகவே தெரிவித்தார். தந்தைக்கும் மைந்தருக்கும் இடையே இது மட்டுமே வேறுபாடு அன்று; கல்வி பற்றியும் மனத்தாங்கல் வளர்ந்தது. 1915ஆம் ஆண்டில் ஹரிலால் தம் குறைகளையெல்லாம் தந்தைக்கு எழுதும் மடலாக அச்சிட்டே வெளியிட்டார். அப்பிளவு இறுதிவரை ஆறவில்லை. தந்தை மறைந்த 1948ஆம் ஆண்டிலேயே, சில திங்களில், மைந்தரும் மறைந்தார்.

இரண்டாம் மைந்தர் மணிலால் தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் இதழை நடத்திவந்தார். கேப்டவுனில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருவரை மணக்க அவர் விரும்பினார். 1926ஆம் ஆண்டில் அவ்விருப்பம் தந்தைக்கு எட்டியது. சமய வேறுபாட்டையும், அம்மணத்தால் மைந்தரின் பொதுப்பணிக்கு நேரக்கூடிய இடையூற்றையும் காட்டி அடிகள் மறுத்துவிட்டார். இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகவே உழைத்த ஒருவர், தம் இல்லத்தில் அவ்வாறு மறுத்தது பலர்க்கு வியப்பளிக்கும். மணிலால் தம் விருப்பத்தை அடக்கிக்கொண்டு, 1927ஆம் ஆண்டில் பெற்றோர் தேர்ந்த சுசீலா அம்மையாரை மணந்தார். 1956ஆம் ஆண்டில் தாம் மறையும்வரை அவ்விதழ்ப் பணியிலிருந்து அவர் வழுவவில்லை. எனினும், முப்பது அகவை கடந்த மைந்தரின் உள்ளத்தை ஒரு மடலால் அடக்கியது முறையாமோ என்னும் வினா இன்றும் எழுகின்றது.

கடைசி மைந்தர் தேவதாஸ் 1900ஆம் ஆண்டில் டர்பன் நகரிற் பிறந்தார். மருத்துவரும் மருத்துவச்சியும் உரிய வேளையில் கிடைக்காமையால், தந்தையே அருகிருந்து மகப்பேற்றுக்கு வேண்டுவன செய்தார். இவ்வாறு தந்தையின் கைகளிலேயே உலகைக் கண்டவர் தேவதாஸ். 1918ஆம் ஆண்டில், பதினெட்டு அகவை இளைஞராய், இந்தி கற்பிக்கும் பொருட்டுத் தந்தையால் சென்னைக்கு அனுப்பப்பெற்றார். ஆதலின் தமிழ்நாடு அவருக்குப் புதிதன்று.

அக்காலத்தில் காந்தியடிகளின் நெருங்கிய துணைவராய் விளங்கியவர் இராசகோபாலாச்சாரியார். மக்கள் அவரை இராசாசி என அன்புடன் அழைத்தனர். சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்று, அத்தொழிலைத் துறந்து, 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து வாழ்ந்தார். மனைவியாரை இளமையிலே இழந்த அவர்க்குக் கடைக்குட்டி மகள் இலக்குமி. தாயற்ற மகளைத் தாயும் தந்தையுமாய் நின்று வளர்த்தார் அப்பெரியார்.

1927ஆம் ஆண்டில் அடிகள் உடல்நலங் குன்றி, நந்தி மலையிலும் பெங்களூரிலும் தங்கி ஓய்வு கொண்டார். அவர் நலத்தைப் பேணும் பொறுப்பில் இராசாசி முன்னின்றார். இரு குடும்பத்தாரும் நெருங்கிப் பழகிய அந்நாளில் தேவதாஸ், இலக்குமி ஆகிய இருவர் உள்ளத்திலும் அன்பு அரும்பியது. தேவதாஸின் அகவை இருபத்தேழு; இலக்குமியின் அகவை பதினைந்து.

செய்தி இரு தந்தையரையும் எட்டியது. நண்பர் இருவரும் திகைத்தனர். ஒருவர் குசராத்தி பேசும் வணிகர் குலத்தினர். மற்றவர் தமிழ் பேசும் வைணவ அந்தணர். அந்நாளில் உயர்குலம் எனப்பட்ட குலத்துப் பெண், அதனின் வேறாகிய குலத்து ஆண்மகனை மணத்தலைப் பிரதிலோமம் என்று கூறிச் சமூகம் வெறுத்தது. அத்தகைய மணம் செல்லாது என்று நீதிமன்றங்களும் கூறிவந்தன. அடிகளும் அக்காலத்தில் வருணங்கள் கடந்து மணத்தலை விரும்பியவர் அல்லர். 1921ஆம் ஆண்டளவில் கலப்பு மணத்தடையை ஆதரித்தே எழுதியவர். ஆயினும் மறுப்பதும் அவர்க்கு எளிதாயில்லை. தீண்டாமையை எதிர்த்து நாடெங்கும் பேசுபவர், தம் மைந்தர் மணத்திற்குக் குலத்தைக் காரணங்காட்டி எங்ஙனம் தடை கூறுவார்? இராசாசிக்கோ, மகளின் இளமை பெருங்கவலையாய் இருந்தது. பதினைந்து அகவைச் சிறுமியின் விருப்பம் நிலையான அன்போ, கணநேர மயக்கமோ என எவர் அறுதியிட்டுரைப்பார்?

அவ்வாண்டின் அக்டோபர்த் திங்களில் அடிகள் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தின் இறுதியில் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் வந்தார். தாமிரவருணிக் கரை மக்கள் திரண்டு அவர் உரை கேட்டனர். அப்பயணத்தில் இராசாசி அவருக்குத் துணையாயிருந்தார். மேடையில் நாட்டின் விடுதலையையும் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் பற்றிப் பேசிய அவ்விரு நண்பர்க்கும், அதே ஆண்டில், தம் மக்களின் மணம் என்னும் வினாவும் எதிர்நின்றது. பேராளராயினும் தந்தையர் தந்தையரே அன்றோ!

இருவரும் கலந்தெண்ணி ஒரு முடிவுக்கு வந்தனர். மணத்தை அவர்கள் மறுக்கவும் இல்லை. உடனே இசையவும் இல்லை. ஐந்தாண்டுக் காலம் இருவரும் ஒருவரையொருவர் காணாது பிரிந்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும் உள்ளம் மாறாதிருப்பின் மணம் செய்து வைக்கலாம் என்பதே அம்முடிவு. தேவதாஸ் இதற்கு உடன்பட்டார், இலக்குமியும் உடன்பட்டார்.

ஐந்தாண்டு என்பது கூறுதற்கு எளிது, கழித்தற்கு அரிது. ஆனால் அக்காலத்தை இளைஞர் வாளா இருந்து கழிக்கவில்லை. 1930ஆம் ஆண்டில் உப்பு அறப்போர் எழுந்தது. வடக்கே அடிகள் தண்டிக்கு நடந்தார். தெற்கே இராசாசி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்து உப்பெடுத்துச் சிறை புகுந்தார். தேவதாஸும் சிறை சென்றார். 1931ஆம் ஆண்டில் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குத் தந்தையுடன் சென்றுவந்தார். 1932ஆம் ஆண்டு செப்டம்பரில் எரவாடாச் சிறையில் அடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டபொழுது, தந்தையின் உயிர் ஊசலாடியதை அருகிருந்து கண்டார். அப்பொழுது புனாவில் அம்பேத்கர் முதலானோருடன் நடந்த உடன்பாட்டுப் பேச்சில் இராசாசியும் தேவதாஸும் உடனிருந்தனர். மகளைத் தர வேண்டியவரும் மகளை விரும்பியவரும் ஒரே பெரும்பணியில் தோளொடு தோள் நின்றனர். தேவதாஸின் பண்பையும் உறுதியையும் அறிய இராசாசிக்கு இதனினும் சிறந்த தேர்வு வேறு வேண்டுமோ?

ஐந்தாண்டு கடந்தது, உள்ளங்கள் மாறவில்லை. இலக்குமி சிறுமி நிலை நீங்கி, தன் விருப்பம் இன்னதெனத் தெளிந்து கூறும் மங்கையாயினார். தந்தையர் இருவரும் சொல் தவறவில்லை. 1933ஆம் ஆண்டு மே திங்கள் 8ஆம் நாள் தொடங்கிய இருபத்தொரு நாள் உண்ணாநோன்பை முடித்து, அடிகள் புனா நகரில் 'பர்ணகுடி' என்னும் இல்லத்தில் மெலிந்த உடலுடன் தங்கியிருந்தார். அங்கேயே, சூன் 16ஆம் நாள், எளிய முறையில் அத்திருமணம் நிகழ்ந்தது. வடமொழி வல்லுநரும் சீர்திருத்தச் செம்மலுமாகிய இலட்சுமண சாஸ்திரி ஜோஷி சடங்கினை நடத்திவைத்தார்.

மணமக்களை வாழ்த்திய அடிகள், இம்மணத்தில் அறத்திற்கு மாறான தொன்றும் இல்லை என்னும் தம் தெளிவை வெளியிட்டார். இராசாசி பேணிக்காத்த அருமணியை மைந்தர் கவர்ந்துகொண்டார் என்றும், அதற்குத் தகுதியுடையவராய் விளங்குதல் வேண்டும் என்றும் அவர் தேவதாஸுக்கு அறிவுரை கூறினார். பெண்ணைப் பெற்ற நண்பரின் உள்ளம் எத்தகையது என்பதை அறிந்த தந்தையின் மொழி அது.

தேவதாஸ் பின்னர்த் தில்லியில் 'இந்துஸ்தான் டைம்ஸ்' என்னும் ஆங்கில நாளிதழின் ஆசிரியராகப் பல்லாண்டு பணிபுரிந்து, 1957ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்விணையர்க்கு மகள் ஒருவரும் மைந்தர் மூவரும் பிறந்தனர். அவருள் ஒருவராகிய இராஜ்மோகன் காந்தி, தம் இரு பாட்டனார் வரலாற்றையும் நூல்களாக எழுதினார். மற்றொருவராகிய கோபாலகிருஷ்ண காந்தி 2004ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை மேற்கு வங்க ஆளுநராக விளங்கினார். இலக்குமி அம்மையார் 1983ஆம் ஆண்டில் மறைந்தார்.

இவ்வரலாற்றால் இளைய மகனின் வாழ்வு மட்டும் மாறவில்லை. தந்தையின் கருத்தும் மாறியது. ஒரு காலத்தில் கலப்பு மணத்தடையை ஆதரித்தவர், 1935ஆம் ஆண்டில் சாதி ஒழிதல் வேண்டும் என எழுதினார். 1946ஆம் ஆண்டளவில், மணமக்களுள் ஒருவர் தாழ்த்தப்பட்டோராயின் அன்றித் தம் ஆசிரமத்தில் மணம் நடத்த இசையேன் என்னும் நிலைக்கு வந்தார். மாற்றத்திற்குக் காரணங்கள் பல. ஆயினும், தம் இல்லத்தில் எழுந்த வினாவிற்கு நேர்மையாய் விடை காண முயன்றதும் அவற்றுள் ஒன்றாதல் கூடும். மக்கள் தந்தையிடம் கற்பது போலவே, தந்தையும் மக்களிடம் கற்கும் காலம் உண்டு.

மூன்று மைந்தர் வரலாற்றையும் ஒப்பு நோக்கின், ஓர் உண்மை புலப்படும். மூத்தவர் தந்தையை மீறினார், இரண்டாமவர் அடங்கினார், கடைசி மைந்தர் காத்திருந்தார். மீறியதால் பிளவு வளர்ந்தது. அடங்கியதால் அமைதி நிலவினும், ஒருவர் உள்ளத்தின் விழைவு கேளாமலே முடிந்தது. காத்திருந்ததால் இருதிறத்தாரும் வென்றனர். எனினும் முதல் இரண்டிலும் பிழை மைந்தர்பால் மட்டும் இருந்தது எனக் கூறுதல் முறையன்று. மூத்தவர்பால் காட்டாத பொறுமையைத் தந்தை இளையவர்பால் காட்டினார். மணிலாலிடம் 'கூடாது' என்றவர், தேவதாஸிடம் 'காத்திரு' என்றார். 'கூடாது' என்னும் சொல் கதவை அடைத்துவிடும். 'காத்திரு' என்னும் சொல்லோ கதவைத் திறந்துவைத்து, உள்ளே வருதற்கு உரிய தகுதியைத் தேடச் செய்யும்.

காத்திருக்கச் சொல்லுதலிலும் நேர்மை வேண்டும். காலம் கடத்தினால் மக்கள் மறந்துவிடுவர் என்னும் உள்நோக்கத்தோடு தவணை கூறுதல் வஞ்சனையாகும். தவணை முடிந்தபின் சொன்ன சொல்லைக் காத்தலே பெற்றோர்க்கு அழகு. இராசாசியும் அடிகளும் அதனைக் காத்தனர்.

மறுக்கும் காரணங்களையும் பகுத்தறிதல் வேண்டும். மக்கள் இளம்பருவத்தினர் என்பதும், கல்வி முடியவில்லை என்பதும், வாழ்க்கைக்கு வேண்டும் பொருள்வருவாய் இல்லை என்பதும், தேர்ந்தவரின் ஒழுக்கம் அறியப்படவில்லை என்பதும் செவிகொடுக்கத் தக்க காரணங்கள். குலம் தாழும், ஊர் நகும், சீர்வரிசை குறையும் என்பன அத்தகையன அல்ல. முன்னவை மக்களின் நலத்தை நோக்கியன. பின்னவை பெற்றோரின் பெருமையை நோக்கியன. மைந்தனும் தன் உள்ளத்தை இவ்வாறே ஆராய்தல் வேண்டும். தந்தையை வெல்லுதற்காகவே ஒன்றனை விரும்புகின்றோமா, அன்றி உண்மையாகவே விரும்புகின்றோமா எனத் தன்னையே வினவிக்கொள்ளுதல் நன்று.

இந்நாளில் நாட்டின் சட்டமும் இதனைத் தெளிவாக்கியுள்ளது. வேறுவேறு குலத்து இந்துக்கள் செய்துகொள்ளும் மணம் செல்லும் என்பதை 1949ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பின்னர் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் உறுதி செய்தன. சமய வேறுபாடு உடையாரும் மணந்துகொள்ள 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் வழிவகுத்தது. வரதட்சிணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்த 1967ஆம் ஆண்டில், சடங்குகளின்றி நிகழும் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்னும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மணமகளுக்குப் பதினெட்டும், மணமகனுக்கு இருபத்தொன்றும் நிரம்பியிருத்தல் வேண்டும். ஆகவே, இலக்குமியை இரு தந்தையரும் காத்திருக்கச் சொன்ன அப்பதினைந்தாம் அகவையில் மணம் முடித்தல் இன்று தண்டனைக்குரிய குற்றமாகும். உரிய அகவை நிரம்பிய இருவர் மனமொத்து மணக்க விரும்பின், குடும்பத்தாரோ குலத்தாரோ இசைதல் தேவையன்று என 2018ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

சட்டம் இவ்வாறு இருப்பினும், குலப்பெருமையின் பெயரால் பெற்ற மக்களையே, அவர் தேர்ந்த துணைவரையே, கொல்லத் துணிவார் இந்நாளிலும் உளர். தாமிரவருணி பாயும் நாடும் இப்பழிக்கு விலக்கன்று. ஈன்று வளர்த்த கையே உயிரைக் கவருமாயின், அதனிற் காக்கப்பட்ட பெருமை யாது? முத்தைக் காக்கின்றோம் எனக் கூறி, அதனை உடைத்துத் தூளாக்குவார் செயலையே அது ஒக்கும். ஊர் பழிக்கும் என அஞ்சி உயிரை அழிப்பார், அழியாத பெரும்பழியையே தேடிக்கொள்கின்றனர்.

கொற்கைத் துறையின் பழைய கடற்கரை இன்று வயலாய் விளைகின்றது. கடல் விலகியதென்று ஆறு வற்றிவிடவில்லை. அது புதிய நிலத்தினூடே வழிகண்டு கடலை அடைந்துகொண்டேயிருக்கின்றது. வழக்கங்களும் அத்தகையன. பாட்டன் நின்ற கரையிலேயே பேரனும் நிற்றல் வேண்டும் என்பது இயலாத ஒன்று. கரை மாறலாம், நீர் மாறுதல் கூடாது. பெற்றோர்பால் மக்களுக்குள்ள அன்பும், மக்கள்பால் பெற்றோர்க்குள்ள அன்புமே அந்நீர்.

ஆகவே, இளைஞர் கல்வியால் தம்மைத் தகுதியுடையோராக்கிக்கொண்டு, உரிய காலத்தில் தம் உள்ளத்தை மறையாது பெற்றோர்க்கு உரைப்பாராக. பெற்றோரும் சினங்கொள்ளாது கேட்டு, நலத்தை ஆராய்ந்து, சொன்ன சொல்லைக் காப்பாராக. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர்த் தமிழர் கண்ட அறத்தொடு நிற்றல் என்னும் நெறி, இவ்வாறு இருதிறத்தாரும் ஒழுகின், இல்லந்தோறும் மீண்டும் தழைக்கும்.